மயிரிழை பெரிசு

முனவ்வர்: நிறுத்துங்க சோதிக். கோட்டை வாசல்ல சுற்றுலாக்காரங்க தலையில கட்டுற நகல் காசை என்கிட்டயே கொண்டு வர்றீங்களா?

சோதிக்: நகல் இல்ல டீச்சரம்மா. சத்தியமா கண்டெடுத்தது.

முனவ்வர்: நீங்க சத்தியம் பண்ணாத நகல் எது? போன வாரம் அந்த ஜெர்மன்காரர்கிட்ட...

சோதிக்: அது வியாபாரம். இது வேற. வெள்ளிக்கிழமையோட உங்க அகழாய்வை மூடுறாங்களாமே?

முனவ்வர்: ஆமா. தலைநகர் துஷான்பேல இருந்து கடிதம் வந்தாச்சு. காலத்தைச் சொல்ற மாதிரி ஒரு பொருளாவது காட்டணும், இல்லேன்னா குழியை மூடணும். இந்தப் பஞ்சகெந்து ஊரை விட்டு நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்... சரி, கொடுங்க.

சோதிக்: என்ன... மோந்து பாக்குறீங்க?

முனவ்வர்: வினிகர் வாடை வருதான்னு. உப்பும் வினிகரும் தடவித்தானே நீங்க பழங்காசு மாதிரி பச்சை ஏத்துவீங்க? அந்த ஈரப் பஞ்சை எடுங்க... ம். பஞ்சுல பச்சை ஒட்டலை.

சோதிக்: நான்தான் சொன்னேனே!

முனவ்வர்: குதிக்காதீங்க. இன்னும் முடியலை.

சோதிக்: ஒண்ணுதான் இடிக்குது. சமர்கந்து வியாபாரி ஒருத்தர், ஓரத்துல அச்சு ரெண்டும் சேர்ந்த வார்ப்புக் கோடு ஓடுது, போலின்னு தூக்கிப் போட்டுட்டார்.

முனவ்வர்: சுத்தியால அடிச்ச காசுலதான் அந்தக் கோடு இருக்கக் கூடாது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க வாழ்ந்த நம்ம சோக்திய முப்பாட்டன்மார் சீனாக்காரங்களைப் பார்த்து, நடுவுல சதுர ஓட்டை வச்சு, அச்சுல ஊத்தினவங்க. கோடு இல்லேன்னாதான் நான் சந்தேகப்படுவேன். உங்க நகல்ல நீங்களே அதை அரத்தால ராவிடுறீங்க.

சோதிக்: வாங்குறவங்க வழவழன்னு கேக்குறாங்களே! அப்ப... அசல்தானே?

முனவ்வர்: பொறுங்க. இந்த எழுத்துல ஒரு கால் உடைஞ்சிருக்கு. உங்க நகல்லயும் இதே எழுத்து, இதே உடைசல். இந்தாங்க, பையில ஒண்ணு வச்சிருக்கேன்.

சோதிக்: என் நகல் உங்க பையில எதுக்கு?

முனவ்வர்: கேள்வி நான் கேக்குறேன். அப்ப இதுவும் உங்க வார்ப்புதான்?

சோதிக்: இல்ல...

முனவ்வர்: புத்தகத்துப் படத்தைப் பார்த்து அச்சு செஞ்சேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க.

சோதிக்: அது... பொய். இந்தக் காசைத்தான் களிமண்ணுல அமுக்கி அச்சு எடுத்தேன். கிடைச்சு மூணு வருஷம் ஆச்சு.

முனவ்வர்: நான் எப்படி நம்புறது?

சோதிக்: ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வைங்க. ஊத்தின உலோகம் ஆறும்போது சுருங்கும். தாயை விடப் பிள்ளை மயிரிழை சின்னதாத்தான் இருக்கும்.

முனவ்வர்: ஓரத்தை ராவினா சின்னதாகத்தானே செய்யும்?

சோதிக்: ஓரத்தை விடுங்க. எழுத்தை அளங்க. எழுத்தை யாராவது ராவுவாங்களா?

முனவ்வர்: இருங்க, லென்ஸை வச்சு அளக்குறேன்... அட!

சோதிக்: என்ன டீச்சரம்மா?

முனவ்வர்: பெரிசு. நகலை விட ஒவ்வொரு எழுத்தும் மயிரிழை பெரிசு! சோதிக், இதுதான் தாய். அசல்!

சோதிக்: அழுறீங்களா?

முனவ்வர்: தூசி... எங்க கிடைச்சுது, அதைச் சொல்லுங்க. இடம் தெரியாத காசை துஷான்பேல யாரும் சீந்த மாட்டாங்க.

சோதிக்: அது வந்து...

முனவ்வர்: வெள்ளிக்கிழமைக்கு ரெண்டே நாள்தான் இருக்கு.

சோதிக்: என் தோட்டத்துல. நீங்க தோண்டுற மேட்டுக்கு அந்தப் பக்கம். ஆப்ரிகாட் கன்று வைக்கக் குழி தோண்டினப்போ சாம்பலும் பானை ஓடுமா வந்துச்சு. அப்படியே மூடிட்டேன். சொன்னா பதினாலு மரத்தையும் சாய்ச்சிடுவீங்கன்னு பயம். அந்த மரங்களை விட்டா எங்களுக்கு வேற கதி இல்ல.

முனவ்வர்: வரிசைக்கு நடுவுலதான் தோண்டுவேன். ஒரு மரத்தையும் தொட மாட்டேன். எழுதியே தர்றேன்.

சோதிக்: நீங்க சொன்னாப் போதும். நாளைக்கே ஆளுங்களோட வாங்க. ஆனா... மூணு வருஷமா உங்க கண் எதிர்லயே நின்னு ஏமாத்தியிருக்கேன். ஒரு வார்த்தை திட்டலையே?

முனவ்வர்: முதல் நகலை வாங்கின அன்னைக்கே தெரியும் சோதிக். இந்த எழுத்து எந்தப் புத்தகத்துலயும் கிடையாது, அசல் உங்க வீட்லதான் இருந்தாகணும். போலீஸை அனுப்பியிருந்தா காசு கிடைச்சிருக்கும், இடம் கிடைச்சிருக்காது. அதான் வருஷா வருஷம் 'இன்னும் ஒரு கோடைக்காலம் மட்டும்'னு துஷான்பேக்குக் கெஞ்சி எழுதிட்டு, நீங்களா வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.