படிக்கு ஒரு கோவிந்தா

மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரச் சொன்னீர்கள்; நான் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம், சார். நேர்காற்று தொண்டைக்கு ஆகாது. தெலுங்கு பேச வருமே தவிர எழுத வராது என்றதும் வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள். அதற்கு நன்றி.

என் பெயர் நளினி. வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது புத்தூர் பக்கம். பதினோரு வருடம் பெங்களூர் ஹோட்டல்களில் ஜாஸ் பாடினேன். ஜாஸ் என்றால் இங்கே பாதிப் பேர் ஏதோ வியாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேல்நாட்டுப் பாட்டு அது. மெட்டை ஒருமுறை ஒழுங்காகப் பாடிவிட்டு, பிறகு நம் இஷ்டத்துக்குக் கலைத்து அடுக்க வேண்டும். எங்கள் குழுவில் பியானோ வாசித்தவர் முரளிதரன். ஒருநாள் அவர் வேறொரு பெண்ணைப் பாட அழைத்து வந்தார். நான் திருப்பதிக்கு வந்து, அலிபிரி போகும் சாலையில் ஒரு மாடியில் குரல் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தேன். அது பதினேழு வருடத்துக்கு முன்னால்.

அந்த வகுப்புக்கு வந்தவள்தான் தரணி. நகரி ஊரிலிருந்து பஸ்ஸில் வருவாள். சேர்ந்தபோது பதினான்கு வயது. அப்பா வரதராஜன் வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுகிறார். நாலு தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் அந்த வீட்டில் சோறு கேட்க முடியும். அதனால் அவளுக்குப் பெரிய குரல். பெரிய குரல் பலருக்கு உண்டு. இவளுக்குத் தறியின் தாளமும் உடம்பில் ஏறியிருந்தது. தாளம் முன்னே போகும், இவள் துளிகூட அவசரப்படாமல் பின்னால் வந்து சேர்ந்துகொள்வாள். அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. எனக்கு அது கடைசிவரை வரவில்லை. மற்றபடி எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஆறு வருடம் குறை வைக்காமல் கொடுத்தேன். தொண்டையால் கத்தாதே என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

போன தை மாதம் அவள் பாடியதைப் பதிவு செய்து முரளிதரனுக்கு அனுப்பியது நான்தான். என் உழைப்பை அவர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"நளினி, இருபது வருஷமா இந்தக் குரலைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். சித்திரையில கச்சேரி இருக்கு. பொண்ணை அனுப்பி வை, இங்கேயே வெச்சுக்கிறோம்."

அந்த இருபது வருடத்தில் முதல் மூன்று வருடம் நான் அவர் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தேன். கணக்கு அவருக்குத் தவறியிருக்கலாம். எனக்கு நெஞ்சு எரிந்தது. சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கச்சேரிக்காகத் தரணி இரண்டு மடங்கு பாடினாள். மாசியில் குரல் கம்மியது. நான்தான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். சீட்டில் யாருடைய நம்பர் எழுதுவது என்று கேட்டார்கள்.

"உங்க நம்பரே குடுங்க மேடம். நைனாவுக்குத் தெரிய வாணாம். தெரிஞ்சா பாட்டே வாணாம்னுடுவாரு" என்றாள்.

மறுநாள் டாக்டர் என்னைப் போனில் கூப்பிட்டார். குரல்நாணில் ரத்தக்கட்டு. ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அப்படி இருந்தால் தானாகக் கரையும், பழைய குரல் வந்துவிடும். கத்தினால் வெடித்துத் தழும்பாகிவிடும், பிறகு எந்த வைத்தியத்திலும் திரும்பாது. நிறுத்தி நிதானமாகத் தெலுங்கில் சொன்னார். நான் தரணியிடம், சளி கட்டியிருக்கிறது, பழக்கினால் சரியாகிவிடும் என்றேன்.

அந்த வாரமே அவள் அம்மா தாட்சாயணி வந்தாள். "புள்ள தொண்ட சரியாப் போனா படிக்குப் படி மஞ்ச குங்குமம் வெச்சி மலை ஏறுறேன்னு வேண்டிக்கினு இருக்கேம்மா" என்றாள்.

"சரியான பிறகு எதுக்கு? இப்பவே ஏறுங்க. நீங்க பொட்டு வைங்க, படிக்கு ஒரு கோவிந்தா அவ சொல்லட்டும். வாய்விட்டுச் சொன்னாத்தான் தொண்டை திறக்கும்" என்றேன்.

அலிபிரியிலிருந்து மேலே மூவாயிரத்து ஐந்நூறு படிக்கு மேல் இருக்கிறது. நானும் கூடப் போனேன். குங்குமப் பொட்டலம் என் கையில்தான் இருந்தது. தாட்சாயணி குனிந்து பொட்டு வைப்பாள், தரணி கோவிந்தா என்பாள். ஏறுகிற ஜனமெல்லாம் சேர்ந்து சொல்கிற இடம் அது. யாருக்கும் விகல்பமாகத் தெரியவில்லை. நான் உதட்டை மட்டும் அசைத்தேன். ஐந்நூறாவது படியில் அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வலிக்குது மேடம். நிறுத்திக்கட்டா?"

"சளி கழண்டு வருது, நல்லதுதான். இன்னும் கொஞ்சம் பெருசா சொல்லு."

தண்ணீர் கொடுத்தேன். வெந்நீர், பிளாஸ்க்கில் கொண்டுபோயிருந்தேன். பாதி மலையில் இருக்கிற காலி கோபுரம் தெரிகிற இடத்தில், அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கைக்குட்டையில் துப்பினாள், சிவப்பாக இருந்தது. தாட்சாயணி குங்குமம் பட்டுவிட்டது என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள். மீதிப் படிகளுக்கு அவளே கோவிந்தா சொன்னாள்.

அறுவை சிகிச்சையெல்லாம் ஆயிற்று. இப்போது தரணியிடம் மிஞ்சியது காற்றுதான். பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதோ சொல்கிறாள் என்று தெரியும். தறி ஓடும்போது அம்மாவைக் கூப்பிடத் தட்டைத் தட்டுகிறாளாம். வரதராஜன் டாக்டரிடம் சண்டைக்குப் போன இடத்தில்தான், முன்பே போனில் சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நேற்று நீங்கள் தரணி எழுதிக்கொடுத்த தாளைக் காட்டினீர்கள். 'மேடம் மேல தப்பு இல்ல. டாக்டர் சொன்னது அவங்களுக்குச் சரியாப் புரிஞ்சிருக்காது. எனக்காக என்கூட மலை ஏறினாங்க' என்று எழுதியிருக்கிறாள். அதை வழக்கில் சேர்க்காதீர்கள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. வெடிக்க வேண்டும் என்றுதான் ஏற்றினேன்.

பாவம், அவளுக்கு மனிதர்களை எடைபோடத் தெரியாது, யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவாள். பெங்களூர் போயிருந்தால் எவனாவது அவளை ஏமாற்றியிருப்பான். அதிலிருந்து நான்தான் அவளைக் காப்பாற்றினேன்.