பதினான்கு நாள் மருந்து

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவது என் தொழில், ஐயா. ஒரு சுற்று பிசகினாலும் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றவேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு அது ஒத்துவராது.

அக்காவுக்குச் சிறுநீரில் கிருமி. எந்த மாத்திரைக்கும் மசியாமல் சிறுநீரகம்வரை ஏறிவிட்டது. ஒரே ஒரு மருந்துக்குத்தான் கட்டுப்படும் என்று பரிசோதனையில் வந்தது.

"ஒரு நாளைக்கு மூணு வேளை, பதினாலு நாள். நடுவுல விட்டா இதுக்கும் அடங்காது," என்றார் டாக்டர்.

நான்கு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையும் இரவும் நர்ஸ் வந்து மருந்து ஏற்றுவாள். மதிய வேளை மட்டும், அவள் சொல்லிக்கொடுத்தபடி, என் பொறுப்பு.

காய்ச்சலில் அக்காவுக்குப் புத்தி தடுமாறியிருந்தது. என்னைத் திருடன் என்றாள். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். வீட்டுக்கு வந்த முதல் நாள் கெஞ்சினேன். மறுநாள் மோட்டாருக்குக் கட்டும் நாடாவால் அவள் கைகளைக் கட்டிலோடு கட்டினேன். முகத்தில் துப்பினாள். அறைந்தேன், அடங்கினாள். மருந்து ஒழுங்காக இறங்கியது. மருந்து தொடங்கிய எட்டாம் நாள் அறைந்தது போதவில்லை. ஊசியைத் தேடிய இரண்டு விரல்களைப் பின்பக்கமாக மடக்கினேன். முறிகிற சத்தம் சின்னதாகத்தான் கேட்டது.

"விரல் இப்படி வீங்கியிருக்கே அண்ணே?" என்றாள் நர்ஸ்.

"கட்டில் கம்பியில மாட்டிக்கிட்டாங்கம்மா."

"பாவம், உங்கள மாதிரி யாரு பார்த்துப்பாங்க," என்று கட்டுப் போட்டாள்.

நியாயமான பேச்சு. விலா எலும்புகள் பதினோராம் நாள். பிரேதப் பரிசோதனையில் எழுதியிருப்பார்கள், நான் மறைக்கவில்லை.

பதினான்காம் நாள் மருந்து முடிந்தது. கிருமி இல்லை என்று அறிக்கை வந்தது. டாக்டர் போனில் என்னைப் பாராட்டினார்.

மறுநாள் மதியம் அக்கா தலையணையில் சாய்ந்தபடி, காய்ச்சல் விட்ட கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"தம்பி," என்றாள். "எல்லாம் ஞாபகம் இருக்குடா. நான் கத்தினது ஞாபகம் இருக்கு. நீ சிரிச்சதும் ஞாபகம் இருக்கு."

டிரிப்ஸ் மாட்டுகிற இரும்புக் கம்பத்தை எடுத்தேன். எத்தனை அடி என்று கேட்டீர்கள். எண்ணவில்லை. மண்டை பிளந்த பிறகும் நிறுத்தவில்லை என்பது தெரியும்.

வைத்தியத்துக்காகத்தான் அவள்மேல் கை வைத்தேன் என்று வாக்குமூலத்தில் முதலில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அந்த வரியை அடிக்கவேண்டாம், ஐயா. அன்றைக்கு ஏற்றவேண்டிய மருந்து எதுவும் இல்லை என்பதை மட்டும் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள்.