கேசட்டின் பின்பக்கம்

"ஏங்கண்ணு, இது பாடுறது ஆம்பளையா, பொம்பளையா?"

மரியதாஸ் ஒருமுறை சாந்தாமேரியிடம் இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கிட்டே வந்து உட்காருங்கள். கதவு சாத்தியிருக்கிறதா... சரி. இது நம் அமுதாவின் சின்னம்மாவுக்கு நடந்தது. சாந்தாமேரிதான் அந்தச் சின்னம்மா. எண்பத்தாறாம் வருஷம். நாகலூர்ப் பக்கம், காபி எஸ்டேட்டுக்கு நடுவே ஒற்றை வீடு. சாயங்காலம் ஆறரை மணி பஸ் போய்விட்டால், அந்த ரோட்டில் பனியைத் தவிர வேறொன்றும் நடமாடாது.

வீட்டில் அவளும் அண்ணன் ஸ்தனிஸ்லாஸும்தான். அவனுக்குக் காபிப் பழம் தோலுரிக்கும் கொட்டகையில் வேலை. புளித்த பழத்தோலின் வாடை அவன் சட்டையை விட்டுப் போகாது. மரியதாஸ் அப்படிக் கேட்ட அன்று டேப்பில் ஓடிக்கொண்டிருந்தது, பங்குச்சாமியார் ரோமில் பதிந்து கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்த கேசட். வெளிநாட்டுக் கோயில்களில் முந்நூறு வருஷத்துக்கு முன்பு பாடிய பாட்டுகள். பாடியவர் ஆண்பிள்ளைதான். குரல் மட்டும் மேலே... மேலே... கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஈர விரலை ஓட்டினாற்போலப் போகும். ஸ்தனிஸ்லாஸுக்கும் அதே குரல். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல், கேட்டுக் கேட்டே ஒரு பாட்டை முழுசாகப் பிடித்துவிட்டான். கேசட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் தன் குரலைப் பதிந்தான். யாரும் அழித்துவிடாதபடி மூலையிலிருந்த பிளாஸ்டிக் துண்டை உடைத்து, தங்கை கையில் கொடுத்தான்.

மரியதாஸ் கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர். ஐம்பது வயசு, கனத்த குரல். கிறிஸ்துமஸ் தனிப்பாட்டைச் சாமியார் ஸ்தனிஸ்லாஸுக்குக் கொடுத்ததில் அவருக்கு வயிறெரிந்தது.

நடுச்சாமப் பூசை. ஸ்தனிஸ்லாஸ் கண்ணை மூடிப் பாடினான். கோயிலில் ஒரு குழந்தைகூட இருமவில்லை. மூன்றாம் வரி உச்சிக்கு ஏறும்போது, ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து மரியதாஸ் முணுமுணுத்தார்.

"ஒரு தாவணி இருந்தாக் குடுங்கடா. நம்ம அம்மணிக்குக் கட்டிவுடலாம்."

எதிரே இருந்த மைக்கை அவர் கவனிக்கவில்லை. இல்லை... கவனித்தாரோ என்னவோ. கோயில் முழுக்கச் சிரிப்பு. வெளியே மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர், அதை மலை முழுக்கச் சொன்னது.

பாட்டு பாதியில் நின்றது. ஸ்தனிஸ்லாஸ் இறங்கி நடந்தான். விடிந்தபோது ரோட்டு வளைவுக்குக் கீழே, பாறையில் பிணமாகக் கிடந்தான்.

முப்பதாம் நாள் பூசையில் போடவேண்டும் என்று மரியதாஸ் கேசட்டை வாங்கிப்போனார். "சாமியாரே கேக்குறாரு கண்ணு." பூசையில் அது ஒலிக்கவில்லை. அடுத்த வாரம் அவரே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். மூலை ஓட்டையில், மறுபடி பதியும்படி, சிகரெட் பெட்டித் தாளை மடித்து அடைத்திருந்தது. பின்பக்கம் முழுக்க மரியதாஸின் குரல்.

"அந்தக் கீச்சுக்குரல் இனி எதுக்கு? நல்ல பாட்டா நாலு புடிச்சுக் குடுத்திருக்கேன், கேளு."

அவளிடம் அண்ணனின் போட்டோகூடக் கிடையாது. இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

ஆறரை பஸ் போனது. டேப்பைப் போட்டாள். கனத்த குரல்... ஒரு பாட்டு, இரண்டு பாட்டு. மூன்றாவதில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். குரல் மெலிந்தது. ஏறியது. கோயிலில் அறுந்த அதே இடத்தைப் பிடித்து, மேலே போய், பாட்டை முடித்தது. வீடு முழுக்கப் புளித்த பழத்தோல் வாடை.

அவள் பயப்படவில்லை. மூன்று நாள் சாயங்காலமும் கேட்டாள். நாலாம் நாள் டேப்பின் பக்கம் குனிந்தாள்.

"எனக்கு எதுக்கண்ணா பாடறே? நா கேட்டது போதும். அந்தாளு ஊட்டுக்குப் போ. அந்தாளு தொண்டைக்கே போ."

பாட்டு பட்டென்று நின்றது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் எத்தனை தரம் போட்டாலும் வெறும் இரைச்சல்தான். அவளுக்கென்று இருந்த ஒன்றையும் கொடுத்துவிட்டாள்.

ஈஸ்டர் பூசை. மரியதாஸ் பாட வாயைத் திறந்தார்... வந்தது அந்தக் குரல். கீச்சென்று, உச்சியில்.

"யோவ் மரியதாஸு, தாவணி எங்கய்யா?" பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். கோயிலே சிரித்தது.

அன்றோடு அவர் பேச்சையும் விட்டார். தண்ணீர் கேட்டாலும் அந்தக் குரல்தான் வந்தது. சாந்தாமேரியின் சாபம் என்று ஊர் பேசியது.

ஒருநாள் ஆறரை பஸ் போனபின், வாசலில் வந்து நின்றார். கழுத்தில் மப்ளர். பாதி ஆளாகியிருந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையையும் கூப்பினார்.

"உள்ள வாங்க. நீங்க வருவீங்கன்னு நொம்ப நாளாப் பார்த்துக்கிட்டு இருந்தனுங்க."

உட்காரவைத்தாள். புதுக் கேசட் ஒன்றைப் போட்டு, பதிவதற்கான இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினாள்.

"பாடுங்க."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். வாய் தானாகத் திறந்து, ஸ்தனிஸ்லாஸின் குரலில் பாடியது. உதட்டோரம் ரத்தம் நூலாக இறங்கியது. கையால் பொத்தப் பார்த்தார். கை பாதி வழியில் நின்றது... யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாற்போல. சாந்தாமேரி அழுதுகொண்டே கேட்டாள். முப்பது நிமிஷம். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து பொத்தான் 'டப்' என்று எழும்பியபோதுதான் அன்றைக்குக் குரல் அவரை விட்டது.

அவள் கேசட்டை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"இன்னொரு பக்கம் காலியா இருக்குதுங்க. நாளைக்கு இந்நேரத்துக்கு வந்துருங்க."

மரியதாஸ் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து, பனிக்குள் இறங்கிப் போனார்.