முதுநிலைப் பயிற்றுநர் நாறும்பூநாதன் அவர்களுக்கு, ஐந்தாண்டு பிந்திச் சொல்லும் உண்மை

வயல் சூழ்ந்த சேரன்மகாதேவியில் பிறந்தும் வாடைக்கடலுக்கு அஞ்சாத பெருந்தகையே! காற்றின் போக்கைக் கன்னத்தில் உணர்ந்து கயிற்றை இளக்கும் கைவண்ணமே! புன்னைக்காயலில் பொருநையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், எங்கள் பாய்மரப் பயிற்சி நிலையத்தைக் கட்டிக் காத்த முதுநிலைப் பயிற்றுநர், மதிப்பிற்குரிய திரு. நாறும்பூநாதன் அவர்களே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளாக, புத்தாண்டு பிறந்து கல்லூரி மாணவர்கள் வந்திறங்குமுன், டிசம்பர் முழுதும் புதிய படகுப் பணியாளர்களைப் பழக்கித் தந்தீர்கள். பாய் விரிக்கவும் சுக்கான் பிடிக்கவும், கவிழ்ந்த படகை நிமிர்த்தவும், கலங்கிய மாணவனைக் கனிந்து தேற்றவும் கற்பித்தீர்கள். "பயந்தவனப் பாத்துச் சிரிக்கிறவன் எம் படகுல ஏறாண்டாம்லே" என்று நீங்கள் கடிந்ததைக் கேளாதவர் எங்களில் எவருமில்லை.

ஐயா! பாராட்டு மடலில் எழுதத் தகாத ஒன்றை இங்கே எழுதுகிறோம். பொறுத்தருள்க.

1993 டிசம்பர் பதினேழாம் நாள் காலை, மூன்று புதியவர்களோடு பயிற்சிப் படகு கழிமுகம் தாண்டியது. அதற்குமுன் மீட்புப் படகின் எஞ்சின் பழுது நீங்கிற்றா என்று நீங்கள் கேட்டீர்கள். "சரியாயிட்டு அண்ணாச்சி, தைரியமா அனுப்புங்க" என்றார் எஞ்சின் பராமரிப்பாளர் கோமதிசங்கர். அவர் அதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. அருகில் நின்ற எங்களுக்கும் அது தெரியும். பேசாதிருந்தோம்.

படகு கவிழ்ந்தது. எஞ்சின் உயிர்பெறவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் நீங்கள் நீரில் குதித்தீர்கள். இருவரைக் கரைசேர்த்தீர்கள். மூன்றாமவர், இருபத்திரண்டு வயது மத்தியாஸ், மறுநாள் காலை வடக்கே கரையொதுங்கினார்.

விசாரணையில், எஞ்சினைச் சோதித்தது யார் என்று கேட்டார்கள். "படகை அனுப்பியவன் நான். பொறுப்பும் எனதே" என்றீர்கள். வேறு பெயர் எதுவும் உங்கள் வாயில் வரவில்லை. வெளியே தூணருகில் நின்று அழுத கோமதிசங்கரிடம், "ஏலே, ஒம் பொண்டாட்டி நெறமாசமா இருக்கா. பேசாம இரி. போனவன் வரப் போறதில்ல" என்றீர்கள். அவர் பேசாமலே இருந்தார். நாங்களும் இருந்தோம். நிலைய முதல்வர் பதவி உங்களைக் கடந்து போனது. அந்த இருக்கையில் அமர்ந்தவருக்கு மாலையிட்டவர்களும் நாங்களே.

மத்தியாஸின் தாய் லூர்து மேரி அம்மாவின் வீட்டுக்கு ஆண்டுதோறும் அதே நாளில் சென்றீர்கள். அவர் கதவைத் திறந்ததில்லை. சற்றுநேரம் வாசலில் நின்றுவிட்டு, நிலையத்துக்குத் திரும்பி, அன்றைய பயிற்சியைத் தொடங்குவீர்கள். புதியவர் ஒவ்வொருவரும் மீட்புப் படகின் எஞ்சினைத் தம் கையால் ஓடவிட்டுக் காட்டும்வரை ஒரு பாயும் ஏறாது.

சென்ற வாரம் கோமதிசங்கர் அந்த அம்மாவிடம் சென்று நடந்ததைச் சொன்னார்.  கேட்டதும் அவர், "அஞ்சு வருசமா அந்த மனுசனையா வாசல்ல நிக்க வச்சேன்? இனிமே வராண்டாம்னு சொல்லிருங்க. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் கதவத் தெறப்பேன்?" என்றாராம். அதை உங்களிடம் சொல்லும் துணிவு எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. ஆகவே இங்கே எழுதினோம்.

இதற்கு முன்பே, உண்மையை விளக்கி அனைவரும் கையொப்பமிட்டுத் தலைமையகத்துக்கு மனு அனுப்பினோம். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அறத்தின் உருவே! ஆழியினும் ஆழ்ந்த மனத்தோரே! வரும் பருவத்துக்கென நீங்கள் பழக்கிய ஒன்பது பேரும் நாளை மறுநாள் மாணவர்களோடு கடலேறுவார்கள். இன்றோடு பணி ஓய்வு பெறும் நீங்கள் அன்று கரையில் இருக்கமாட்டீர்கள். உங்கள் துணைவியார் பிரம்மநாயகி அம்மையாரோடு நோயின்றி நெடுங்காலம் வாழ்க! டிசம்பர் இரவுகளிலேனும் உங்களுக்கு நல்லுறக்கம் வாய்க்க!

மன்னிப்புக் கேட்கும் தகுதி எங்களுக்கில்லை. இம்மடலை நீங்கள் வீட்டில் மாட்டாவிட்டாலும் வருந்தோம். இதன் நகல் ஒன்றைப் படகுத்துறைச் சுவரில் இன்று காலை மாட்டிவிட்டோம். அதைத் தாங்கும் ஆணி கோமதிசங்கர் கையால் இறங்கியது.

புன்னைக்காயல்
31.12.1998

தலைகுனிந்து,
கோமதிசங்கர், எஞ்சின் பராமரிப்பாளர்
மற்றும் நிலையப் பணியாளர்கள் பதினொருவர்