பிளாக்கில் லாரிச் சத்தம்

டோல்கேட்டில் பஸ் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“எங்கம்மாவ இட்லி கடையிலேர்ந்து பார்க்குக்கு இட்டுகினு போய் பேச வைக்கணுமாம்டி.”

“யாரு சொன்னா?”

“மீடியா கிளாஸ் எடுக்குற சாரு. நெட்ல நான் எழுதுற பிளாக்ல எங்கம்மா வீடியோ போட்டேன்ல, அதுக்குக் கீழ எழுதிக்கீறாரு. லாரி சத்தம் ஜாஸ்தியாம், அமைதியான இடத்துல திரும்ப எடுக்கணுமாம்.”

“எடுத்துப் போட்டுட்டுப் போயேன்.”

“எங்கம்மா லாரிக்காரங்களுக்குத்தான்டி இட்லி விக்குது. சத்தம் நின்னுச்சுன்னா அன்னிக்கு யாவாரமே இல்ல. அத்தயே பதிலா எழுதிட்டேன்.”

“மார்க்க கொறைச்சிட்டாருன்னா?”

“அத்தயும் பிளாக்ல போடுவேன். நடந்தத அப்டியே எழுதுன்னு அவருதானே சொன்னாரு?”

நெரிசலில் பஸ் நின்றது. பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. இட்லிக் கடைக்காரம்மாவின் மகள் போனில் வீடியோவை ஓடவிட்டு, ஜன்னலோரம் உயர்த்திப் பிடித்துக் கத்தினாள்.

“அண்ணே, இன்னொரு தபா நல்லா அடிண்ணே!”