பதினேழாம் வீட்டுத் தொட்டியில் ஓட்டை

ஹலோ… ஆமா, உம்மு அய்ஹம்தான் பேசறேன்… எந்த ஷதா?… ஓ, யுனிவர்சிட்டி ஷதாவா. மொட்டமாடித் தொட்டிக்குள்ள தண்ணி அளக்கற பெட்டிய வச்சிட்டுப் போனியே, அந்தப் புள்ளதானே. சொல்லு கண்ணு. சுரைப்பிஞ்சு குடைஞ்சிட்டிருக்கேன், மத்தியானத்துக்கு அரிசியும் கறியும் வச்சு அடைக்கணும். கையெல்லாம் வழவழன்னு இருக்கு. போன் நழுவிடுச்சுன்னா நான் கோவத்துல வச்சிட்டேன்னு நெனச்சிக்காத.

… நல்லாருக்கேன், அல்லாஹ்வுக்கு நன்றி. அம்மா எப்படி இருக்காங்க?… உங்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்தற டாக்டர்? எங்க வீட்டுக்காரர் வளக்கற புறாவப் பாத்துப் பயந்து படிக்கட்டுலயே நின்னுட்டாரே, அவரு?… நல்லது, நல்லது.

… ம்… ம்… என்னது, ஓட்டையா? எங்க தொட்டியிலயா?

… இல்லயே. நல்ல தொட்டிதான். என் பையன் அய்ஹம் பொறந்த வருஷம் வாங்கினது… ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கா? வாரா வாரமா?… இருநூறு லிட்டரா. அட. அவ்வளவா போகுது.

… இல்ல கண்ணு, எனக்கெப்படித் தெரியும். கார்ப்பெட் கழுவியிருப்பேன்… வாரா வாரம் கழுவுவேன். எனக்குச் சுத்தம்னா உயிரு… என்னது, வீட்டுக்குள்ள வர்ற குழாய்லயும் ஒரு பெட்டி மாட்டியிருக்கீங்களா? எப்ப மாட்டினீங்க?… நான்தான் டீ கொடுத்தேனா. டீ கொடுத்தது ஞாபகம் இருக்கு, பெட்டி ஞாபகம் இல்ல.

… அப்ப தண்ணி வீட்டுக்குள்ள வரல. மாடியிலேயே மாயமாப் போகுதுங்கற. ஆவியாயிருக்கும் கண்ணு, வெயில் என்னா போடு போடுது…

… சரி, சிரிக்காத. எஞ்சினியர் புள்ளகிட்ட ஆவின்னு சொன்னது தப்புதான்.

… நாலு டாக்டரும் சண்டை போட்டுக்கறாங்களா? எங்க வீட்டுக்காகவா? இரு இரு, கைய கழுவிட்டு உக்காந்து கேக்கறேன்… ம், சொல்லு. எஞ்சினியர் டாக்டர் ஓட்டைங்கறாரு. சரி. கம்ப்யூட்டர் டாக்டர் என்ன சொல்றாரு?… அவர் எழுதின கணக்கு தப்பே ஆகாது, பெட்டிதான் கெட்டுப்போச்சுங்கறாரா. அப்புறம், தெருவ டேப்பு வச்சு அளந்தாரே, நகரத் திட்டம் போடற டாக்டர், அவரு?… திருட்டுக் குழாயா? நாக்க அறுக்கணும் அந்த மனுஷன… இல்ல, சும்மா சொன்னேன். மனசுக்குப் படிச்ச டாக்டரம்மா?

… என்னது? இந்த நாப்பது வீட்டுலயே இரக்கம் கொறஞ்ச வீடு எங்க வீடுதானா? கேள்வித்தாள்லயே இருக்கா?

… ஆமா, அது… பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு உதவி செய்வீங்களான்னு கேட்டாங்க. ஒரு டம்ளர் தண்ணி கூடக் கொடுக்கமாட்டேன்னு சொன்னேன். சொன்னேன்தான். பக்கத்துல இவரு உக்காந்திருந்தாரு கண்ணு, வேற என்ன சொல்ல. அவரத் தனியாக் கேட்டப்ப என்ன சொன்னாரு?… ரகசியமா. கதவ மூடிக்கிட்டுதான் கேட்டீங்க, ஆனா அவர் பதில் தெருவுக்கே கேட்டுச்சே. ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கன்னா சைபர்னு கத்துறாரு. எங்க ஹெப்ரான் ஊர்க்காரனுக்குக் கல்லு மண்டைன்னு நாடே ஜோக்கு சொல்லிச் சிரிக்குதுன்னா சும்மாவா. அத்தனையும் எங்க வீட்டுக்காரரப் பாத்துக் கட்டினதுதான்.

… ம். ம். பதினொரு மணிக்கா? இன்னிக்கா? யாரு வராங்க?… புதுத் தொட்டியா, இலவசமாவா… இல்ல கண்ணு, வேண்டாம். ரொம்ப நன்றி, வேண்டாம்… நகராட்சி ஆளுமா? குழாய் எங்கெங்க போகுதுன்னு பாக்கவா?

வேண்டாம் ஷதா. சொன்னாக் கேளு. வரவேண்டாம்னு சொல்லிடு… உன் பட்டத்துக்கு இதுதான் ஆய்வா. திங்கக்கிழமை கேள்வி கேட்டுத் துளைப்பாங்களா… உன் கணக்குப் படத்துல முப்பத்தொம்போது வீடும் கோட்டுல ஒழுங்கா நிக்குது, பதினேழாம் வீடு மட்டும் சோத்துல கல்லு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குதா. புரியுது, புரியுது. ஆனா நீ…

ஆமா சுஆத், அரிசிய ஊறவச்சிட்டேன். புளிக்கு மாதுளைச் சாறு ஊத்தினாப் போதும்… இல்லடி, பூண்டு நெறைய போடாத, உன் மாமியாருக்கு ஆகாது… ஆங்… ஆங்…

… போயிட்டாரு. இவருதான், ரேடியோ பேட்டரி தேடிக்கிட்டு வந்தாரு. உன்ன என் தங்கச்சி சுஆத்னு நெனச்சிட்டுப் போறாரு. மெதுவாப் பேசறேன், காதக் கொடு.

மொதல்ல ஒண்ணு சொல்லு. அன்னிக்கு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினியே, நாங்க சொல்றது எதுவும் வெளிய போகாதுன்னு. அது நெசந்தானா?… எங்க வீட்டுக்காரருக்கும் போகாதா?… உங்க டாக்டருங்களுக்கு?… பேர் போடாம, நம்பர் மட்டும். சரி. சத்தியமா?… அல்லாஹ் மேல சத்தியமா?

சரி. ஓட்டை இல்ல. நான்தான் தொறந்து விடறேன்.

… ஆமா, நானேதான். நாலு வருஷமா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு இவரு முடிவெட்டப் போவாரு. வாரா வாரம் போறாரு. தலையில இருக்கறதே மூணு முடி, அதுல எத வெட்டறாங்களோ தெரியல, ஒரு மணி நேரம் ஆகும். அவர் தல மறைஞ்சதும் நான் மேல ஏறுவேன். புறாக்கூண்டுக்குப் பின்னால ஒரு ரப்பர் குழாய் இருக்கு. எங்க மாடி உசரம், பக்கத்து வீட்டு மாடி ஒரு ஆள் உசரம் கீழ. அது மேல போட்டு அவங்க முத்தத்துக்கு விட்டுத் தெறந்தா தானா ஓடும்.

… பக்கத்து வீடுன்னா அபூ தாமிர் வீடு. இவரோட கூடப்பொறந்த அண்ணன்… பேசறதில்ல. ஆறு வருஷமாச்சு. ஏன்னு கேளு. ஏணிக்காக. ஆலிவ் பறிக்க ஏணிய வாங்கிட்டுப் போனாரு அண்ணன். திருப்பிக் கொடுக்கறப்ப மூணாவது படி ஒடஞ்சிருந்துச்சு. முன்னாடியே ஒடஞ்சிருந்துச்சுங்கறாரு அவரு. நல்லா இருந்துச்சுங்கறாரு இவரு. அவ்வளவுதான். ஏணி இன்னும் முத்தத்துல அப்படியே சாஞ்சு நிக்குது, இவரு அதைத் தொட்டது கூடக் கெடையாது.

… சிரி, சிரி. நான் மட்டும் அழுதிருக்கேன்.

உங்க டேப்பு டாக்டருக்கே தெரியுமே. குழாய்ல தண்ணி இருபது நாளைக்கு ஒருக்கா வருது. அந்த வீடு தெருவுக்குக் கடைசி. எல்லாரும் புடிச்சு முடிச்சு அங்க போய்ச் சேர்றப்ப காத்துதான் வரும். அவங்க மருமக பிள்ள பெத்து முப்பது நாள் ஆகுது ஷதா. பச்சைக் கொழந்தைய எதுல குளிப்பாட்டுவாங்க? துணிய எதுல அலசுவாங்க? அண்ணன் தம்பிக்கு ஏணி பெருசுன்னா வச்சிக்கட்டும், எனக்கும் இன்ஸாஃபுக்கும் என்ன சண்டை. இன்ஸாஃப், அதான் அண்ணி, ஒரு வார்த்த கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. குழாயத் திருப்பி இழுக்கறப்ப நுனியில ஒரு கட்டு முலூகிய்யாக் கீரை கட்டியிருக்கும், அவங்க தோட்டத்துது. வெள்ளிக்கிழமை ஆக்கி வச்சா இவரு ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டு, எந்தக் கடைல வாங்கினன்னு கேப்பாரு. நானும் ஒரு கடை பேரச் சொல்லுவேன்.

இப்ப உங்க ஆளுங்க வந்து குழாயத் தேடினா எல்லாம் வெளிய வந்துடும். இவரு ரோசக்காரரு. வால்வுக்குப் பூட்டுப் போட்டுட்டா அந்தக் கொழந்த வீட்டுல தண்ணி இல்ல. எனக்கு அதான் பயம். அதனால ஓட்டைன்னே எழுதிட்டு விட்டுடு, ஆளு வேண்டாம்.

… ம். அது ஞாயித்துக்கிழமைக்கு விளக்கம்னா? வேற என்ன இருக்கு?

… புதன்கிழமையா?

… இல்ல. நான் ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் தெறப்பேன்… காலைல அஞ்சரைக்கா. அதே இருநூறு லிட்டரா… எட்டு வாரமாவா? இன்னிக்குக் காலைலயுமா?

அடிப்பாவி இன்ஸாஃப். நான் கொடுக்கறது பத்தலன்னு அவளே ஏறி வந்து எடுக்கறாளா? அதான் பதினாறாம் நாளே தொட்டி காலியாகுது. நான் வெயிலத் திட்டிக்கிட்டிருக்கேன். கீரையக் கட்டிவிட்டுட்டு… முழங்கால் வலின்னு ஊரெல்லாம் சொல்றா, சுவர் ஏறறதுக்கு மட்டும் முழங்கால் வருதா. இரு, இன்னிக்கே போய்…

… என்னது?… சொல்லமுடியாதா? ஏன் சொல்லமுடியாது?… எதுக்கு இப்ப பம்முற? நான் என்ன கேட்டேன், யாரு எடுக்கறாங்கன்னுதானே…

… மாடிக் கதவா. பூட்டித்தான் இருக்கும். உள்ளேர்ந்து பூட்டு. ராத்திரியில சாவி இவரு சட்டைப் பையில… காலைத் தொழுகை முடிச்சதும் இவருதான் புறாவுக்குத் தீனி போட…

…

இரு.

… இரு கண்ணு, பேசாத. யோசிக்கறேன்.

புதன்கிழமையானா இவரு மேலேர்ந்து கால்சட்டை நனைஞ்சு வருவாரு. என்னாச்சுன்னா புறா குளிச்சுதும்பாரு. ஞாயிறு திங்கள்ல குளிக்காத புறா புதன்கிழமை மட்டும் எப்படிக் குளிக்கும்னு நான் கேட்டதே இல்ல. அப்புறம் இந்த அத்திப்பழம். தோ, மேசையில இருக்கு, ஒரு கிண்ணம். புதன்கிழமையானா வந்துடும், சந்தையில வாங்கினேம்பாரு. காலைல ஆறு மணிக்கு எந்தச் சந்தை தெறந்திருக்கு? இந்தப் பக்கம் தேனாட்டம் இருக்கற வெள்ளை அத்தி ஒரே மரந்தான். அது அண்ணன் வீட்டு முத்தத்துல இருக்கு.

… நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். உனக்கு ஏற்கெனவே தெரியும், அதான் மொதல்லேர்ந்து சிரிக்கற. அவரும் உனக்கு போன் பண்ணிட்டாரு, இல்ல?… ரகசியம். சரி, ரகசியம். நீ நல்லா வருவ.

ஒரு சொட்டுக் கொடுக்கமாட்டேன்னு தெரு அதிரக் கத்தின மனுஷன்… சைபர்னு சொன்ன மனுஷன்…

வராரு. வைக்காத ஷதா, வைக்காத.

அபூ அய்ஹம், இங்க வாங்க… சுஆத் இல்ல. யுனிவர்சிட்டிப் புள்ள… ஒண்ணுமில்ல, சும்மா கேக்கறேன். இந்த அத்திப்பழம் எந்தக் கடை?… கடை பேரு மறந்துபோச்சா. சரி. கால்சட்டை ஏன் முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கு?… புறா. சரிங்க… நான் ஒண்ணும் சொல்லல. பதினொரு மணிக்குத் தொட்டி மாத்த ஆள் வராங்களாம், ஓட்டைன்னு பெட்டி சொல்லுதாம். நகராட்சி ஆளும் வந்து குழாயெல்லாம் பாப்பாராம். புதன்கிழமை காலைல அஞ்சரைக்குத் தண்ணி எங்க போகுதுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு… ஏங்க, உக்காந்துட்டீங்க? தண்ணி கொண்டு வரட்டா?

…

என்ன?… ஞாயித்துக்கிழமையா? ஞாயித்துக்கிழமை என்ன, எனக்கொண்ணும்… யாரு சொன்னா?

… எப்பலேர்ந்து தெரியும்?… மொத வாரத்துலேர்ந்தேவா? நாலு வருஷமாவா?

… அதுக்குத்தான் வாரா வாரம் முடிவெட்டப் போனீங்களா? நான் மேல ஏறட்டும்னா?… டீக்கடையில உக்காந்து மணி பாத்துட்டு வருவீங்களா. அப்ப அந்த மூணு முடிய யாருமே வெட்டலையா.

… புதன்கிழமை ஏன்னு நானே கேக்கணும்னு… ஓ. ஞாயித்துக்கிழமை என்னோடதுன்னு விட்டுட்டீங்க. நடுவுல ஒரு நாள்… ம்… ம்.

ஷதா, இருக்கியா?… இருக்கேன், இருக்கேன். ஒண்ணுமில்ல கண்ணு. கையில இருந்த சுரைப்பிஞ்சு ஒடஞ்சுபோச்சு. இந்த மனுஷன ஆறு வருஷமாக் கல்லுன்னு திட்டியிருக்கேன். வெக்கமா இருக்கு. சந்தோஷமாவும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா வந்தா என்ன பண்றதுன்னு உங்க மனசு டாக்டரம்மாவக் கேட்டுச் சொல்லு.

… ஆமா, உன் ஆய்வு. எழுதிக்க. பதினேழாம் வீட்டுத் தொட்டியில ரெண்டு ஓட்டை. ஞாயித்துக்கிழமை ஒண்ணு, புதன்கிழமை ஒண்ணு. முப்பது வருஷமா ஒரே வீட்டுல குடித்தனம் பண்ற ஓட்டைங்க, ஒண்ணுக்கொண்ணு தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்துச்சுங்க. அப்படி எழுதக்கூடாதுன்னா உங்க பாஷையில எழுதிக்க… பெட்டி நல்லாத்தான் இருக்குன்னு கம்ப்யூட்டர் டாக்டர்கிட்ட சொல்லு. திருட்டுக் குழாய்னு சொன்னவர்கிட்ட மட்டும் நான் நேர்ல பேசிக்கறேன்.

… தொட்டியா? எடுத்துட்டே வாங்க. ஆனா எங்க மாடிக்கு வேண்டாம். ஒரு வீடு தள்ளி… பட்டியல்ல இல்லன்னா சேத்துக்க, நாப்பத்தொண்ணாம் வீடு… ஆமா, அங்க மாடிக்குப் படிக்கட்டு கெடையாது, தொட்டிய ஏத்தணும்னா ஏணிதான்…

அபூ அய்ஹம், எங்க போறீங்க?… வெறுங்கால்லயா?… அந்த ஏணியா? மூணாவது படி இல்லயே, அப்படியே தூக்கிட்டு…

… ஷதா. அண்ணன் வீட்டுக் கதவத் தட்டறாரு. காதுல விழுதா?… எனக்கு விழுது. ஒரு கையில ஏணி, ஒரு கையில சுத்தியல்.

… கதவு தெறந்துடுச்சு.

கண்ணு, பதினொரு மணி வேண்டாம், பன்னெண்டுக்கு வரச்சொல்லு. ஏணிக்கு ஒரு படி அடிக்கணும். ஒருத்தர் புடிச்சுக்கணும், ஒருத்தர் அடிக்கணும், மொதல்ல யாரு புடிக்கறதுன்னு ரெண்டு பேரும் சண்டை போடுவாங்க, அதுக்கே ஒரு மணி நேரம் ஆகும்… வச்சிடறேன். அரிசி பத்தாது, இன்னும் ரெண்டு படி போடணும்.