நடு நாற்காலி

எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "ஊர்ல எத்தனையோ மொழி இருக்க, இந்த ரெண்டையும் எதுக்கும்மா படிச்சே?" என்றுதான். நீங்களும் அதையே கேட்டீர்கள், ஐயா. வருத்தமில்லை. என் அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் ஃபின்னிஷ் மொழியையும் பாஸ்க் மொழியையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தேன். இரண்டிலும் அவன், அவள் என்ற பிரிவு கிடையாது, ஒரே சொல்தான். நாம் 'வீட்டிலிருந்து' என்று ஒரு சொல்லின் வாலில் இன்னொன்றைக் கோப்பதுபோல அவர்களும் கோத்துக்கொண்டே போவார்கள். இத்தனை ஜாடை இருக்கிறதே, ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருக்குமோ என்று மூன்று வருடம் தேடினேன். "ஜாடை ஒத்துப்போனா சொந்தமாயிடுமாம்மா?" என்று சிரித்தார் பேராசிரியர். ஆய்வேட்டின் கடைசி வரியில் 'உறவில்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன். ஏனென்று அப்போது தெரியவில்லை.

முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது அந்தப் படிப்பால்தான். அங்கிருந்த தச்சர் படகு செய்தவர், அவர் தாய்மொழி பாஸ்க். தபாலம்மா தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவள், அவளுடையது ஃபின்னிஷ். பக்கவாதம் வந்ததில் இருவருக்கும், நாற்பது வருடம் இந்த ஊரில் பேசிய மொழி ஈரத்துணியால் துடைத்ததுபோல் போய்விட்டது. பிறந்த வீட்டு மொழி மட்டும் மிஞ்சியது.

ஜன்னலோர மேசையில் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலி என்னுடையது. தச்சர் ஒன்று சொல்வார், நான் தபாலம்மாவுக்குச் சொல்வேன். அவள் சிரிப்பாள். அதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். நாலாவது மாதம் அவள் தன் ரொட்டியில் பாதியை அவருக்கென்று எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

"இதுங்க ரெண்டும் நடத்துற கூத்தப் பாரு. நடுவுல நீ யாரு, கல்யாணத் தரகரா?" என்பாள் ஆயா.

தரகர் இல்லை, மகள். இருவருமே என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. என் வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். 'மகளே' என்று இரண்டு மொழியில் கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் பிள்ளைகுட்டி இருந்தால் புரியாது.

அவர்கள் கேட்டார்களென்று ஒரு நோட்டில் சொற்களை எதிரெதிரே எழுதிக் கொடுத்தேன். மழை, ஜன்னல், குளிர், வலி. மறுப்பதற்குத் தச்சர் 'எஸ்' என்பார், தபாலம்மா 'எய்' என்பாள். தற்செயலான ஒற்றுமைதான். அதைப் பிடித்துக்கொண்டு இருவரும் நாளெல்லாம் வம்பிழுத்து விளையாடினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது நடு நாற்காலி சுவரோரம் கிடந்தது. இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா அப்படிச் சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மகளே. உனக்குச் சொன்னாப் புரியாது."

எனக்கு. இரண்டு மொழியும் தெரிந்த எனக்கு.

நாற்காலியை எடுத்து வந்து பழைய இடத்தில் போட்டேன்.

அடுத்த மாதம் தச்சரின் மகன் வந்தார். தன்னோடு வந்துவிடும்படி அப்பாவைக் கேட்டார். ஒரு பகல் முழுக்க ரயிலில் போகும் தூரம். தச்சர் யோசித்தார். நோட்டிலிருந்த சொற்கள் இதற்குப் போதாது, அதனால் என்னிடம் வந்தார். "அவகிட்ட கேளு மகளே. இருன்னா இருக்கேன். போன்னா போறேன்."

மூவரும் மேசையில் உட்கார்ந்தோம். நான் தபாலம்மாவிடம் சொன்னேன்: "ரெண்டு வாரம் மகன் வீட்டுக்குப் போயிட்டு வர்றாராம். உங்களுக்குச் சந்தோஷம்தானேன்னு கேக்குறார்."

அவள் முகம் மலர்ந்தது. தலையை ஆட்டினாள். அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் தச்சரிடம் சொன்னேன்: "மகனோடயே போயிடுங்கன்னு சொல்றாங்க. அதுதான் நல்லதாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பெட்டி கட்டப் போனார். வெள்ளிக்கிழமை புறப்பட்டார்.

அந்த வயதில் மகன் வீடுதானே நல்லது? நான் சொன்னதில் தப்பு என்ன என்று இப்போதும் யோசிக்கிறேன். நோட்டை அன்றே என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அது கண்ணில் பட்டால் அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்றுதான்.

இரண்டு வாரம் கழிந்தது. "எப்ப வர்றாராம்?" என்றாள். மகனுக்கு உடம்பு சரியில்லை, இன்னும் ஒரு வாரம் என்றேன். அப்புறம் இன்னும் ஒரு வாரம். அவள் பாதி ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். ஆயா காய்ந்துபோனதைத் தினமும் வழித்துப் போட்டாள். ஏழாவது வாரம் தட்டையே தள்ளிவிட்டு "எய்" என்றாள். அதை ஆயாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு பதினொரு நாள்தான் இருந்தாள். கடைசிவரை நான்தான் பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு "மகளே" என்றாள். நீங்கள் புகாரில் எழுதியிருக்கும் 'கொடுமை' என்ற சொல் கொஞ்சம் பெரியது, ஐயா. அடிக்கவும் இல்லை, பட்டினி போடவும் இல்லை. அவளிடம் ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொன்னேன், அவ்வளவுதான்.

தச்சர் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணிக்கு என் போனுக்குக் கூப்பிடுவார். தபாலம்மாவுக்குப் போனில் காது கேட்காது, பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

"சாப்பிடுறாளா?"

"நல்லா சாப்பிடுறாங்கப்பா."

"என்ன சொல்றா?"

மழையைப் பற்றிச் சொல்வேன். ஜன்னலைப் பற்றிச் சொல்வேன். அவள் போய் எட்டு மாதமாகிறது. ஒரு ஞாயிறுகூட நான் தவறவில்லை.

போன வாரம் அவர் மகன் இல்லத்துக்கே நேராகக் கூப்பிட்டு, அவளைப் பார்க்க அப்பா வர ஆசைப்படுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆயாதான் போனை எடுத்தாள், உள்ளதைச் சொல்லிவிட்டாள். அப்படித்தான் இது உங்கள் மேசைக்கு வந்தது. தச்சரிடம் மகன் இன்னும் சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையாம்.

நோட்டு என் பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மட்டும் போனை என் கையில் கொடுங்கள். நான் இல்லாவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள்?